கம்பெனி போனாலும் வண்டி ஓட வேண்டும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரிகளிலும் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பரங்கிப்பேட்டையில் முப்பத்தொரு வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருப்பவன் எழுதுகிறேன். கிள்ளை, பி.முட்லூர், புதுச்சத்திரம் பக்கம் உள்ள போர்செட் மோட்டார்களில் பல என் கையில் அவிழ்ந்து திரும்பச் சேர்ந்தவை. உங்களிடம் நேரிலேயே பேசத்தான் ஆசை. நீங்கள் காலையில் கல்லூரிப் பேருந்தில் ஏறினால் இருட்டிய பிறகுதான் ஊர் திரும்புகிறீர்கள். அதனால் இந்த மடல்.

என் கடை வாசலில் இப்போது நான்கு மின்சார ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. நான்கும் ஓடாதவை. அதில் ஒன்று மீன் விற்கும் ஒரு அக்காவுடையது. விடியற்காலையில் அன்னங்கோயிலுக்குப் போய் மீன் எடுத்து, கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தெருத் தெருவாக விற்றுவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார். பெட்ரோல் காசு மிச்சமாகுமே என்று தவணையில் வாங்கிய வண்டி. பதினான்கு மாதம் நன்றாக ஓடியது. ஒருநாள் சார்ஜ் ஏறவில்லை. வாங்கிய இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஷோரூம் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை இருந்தது. ரசீதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. தவணை மட்டும் மாதம் தவறாமல் வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. மீன் கூடை மறுபடியும் தலைக்கு ஏறிவிட்டது.

மூன்று மாதம் திண்ணையோரம் நின்ற பிறகு வண்டி என்னிடம் வந்தது. பிரித்துப் பார்த்தேன். ஹப் மோட்டாரின் மூன்று ஃபேஸும் சரியாக இருந்தன. கன்ட்ரோலரில் பழுது இல்லை. சார்ஜர் செருகும் சாக்கெட்டைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினால், செம்பு முனை இரண்டும் பச்சையாகப் பூத்துப் போயிருந்தன. விரல் பட்டதும் பொடி உதிர்ந்தது. நம் ஊர் உப்புக்காற்று செய்த வேலை. நாற்பது ரூபாய் சாக்கெட். அன்றைக்கே யாராவது கழற்றிப் பார்த்து மாற்றியிருந்தால், மறுநாள் காலை அந்த அக்கா அன்னங்கோயிலில் நின்றிருப்பார். மாற்றாமல் நிறுத்திவிட்டதால், உள்ளே இருந்த லித்தியம் பேட்டரி சிறுகச் சிறுக இறங்கி, காக்கக்கூடிய அளவுக்கும் கீழே போய், அதன் காவல் சர்க்யூட்டான பி.எம்.எஸ். தன்னைத்தானே பூட்டிக்கொண்டுவிட்டது. அதைத் திறக்கும் மென்பொருள் கம்பெனியிடம்தான் இருக்கிறது. கம்பெனி போன் எடுப்பதில்லை. நாற்பது ரூபாய்க் கோளாறு இப்படித்தான் நாற்பதாயிரம் ரூபாய்க் கோளாறாக வளர்ந்தது.

அந்த வண்டி பிரிந்து கிடந்தபோது உங்களில் ஒருவர் கடைக்கு வந்தார். மூன்றாம் வருட டிப்ளமா, எலெக்ட்ரிக்கல் பிரிவு. பார்த்துவிட்டு, “கரன்ட் வண்டியெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்படாதுண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல பிள்ளை, மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து சொல்கிறவர் சொல்லட்டும். மூன்று வருடம் மின்சாரமே படித்தவர் சொன்னால் அந்த வண்டியை இனி யார் திறப்பார்கள்?

அந்தப் பேச்சு புதியதல்ல என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இந்தியாவின் முதல் மின்சார காரைப் பற்றியும் அதைத்தான் சொன்னார்கள். அந்தக் காரில் பாதி நம் தமிழ்நாட்டுடையது என்பதை உங்கள் பாடப்புத்தகம் சொல்லியிராது.

1993. டெல்லியில் ஆட்டோ எக்ஸ்போ. அங்கே ‘லவ்பேர்ட்’ என்ற இரண்டு பேர் உட்காரும் சிறிய கார் காட்டப்பட்டது. செய்தவர்கள் எடி கரன்ட் கன்ட்ரோல்ஸ் என்ற நிறுவனத்தார். பெயரைக் கவனியுங்கள், நீங்கள் முதல் வருடத்தில் மனப்பாடம் செய்யும் அதே எடி கரன்ட். ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவி இருந்தது. கார் உருவான இடம் கேரளத்துச் சாலக்குடி, அடுத்து நம் கோயம்புத்தூர். டி.சி. மோட்டார், ஈய அமில பேட்டரி, ஒரு சார்ஜுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், முழுதாகச் சார்ஜ் ஏற எட்டு மணி நேரம். பெட்ரோல் கார் போலவே கியரும் உண்டு.

கோயம்புத்தூர் என்றதும் எனக்கு ஆச்சரியம் வரவில்லை. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-இல் உள்நாட்டு மின் மோட்டாரைச் செய்து காட்டிய ஊர் அது. நான் காயில் கட்டும் மோட்டார்களில் பெரும்பாலானவற்றின் மேல் இன்றும் கோயம்புத்தூர் என்றுதான் எழுதியிருக்கும். மோட்டாரை அந்த ஊர் அரைத் தூக்கத்தில்கூடச் செய்துவிடும். லவ்பேர்ட் தோற்றது மோட்டாரால் அல்ல.

பின் எதனால்? பதினைந்து டிகிரிக்கு மேல் ஏற்றம் வந்தால் திணறியது என்பார்கள். உண்மைதான். ஆனால் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை போய்ப் பாருங்கள், பாலம் ஏறி இறங்குவதைத் தவிர ஏற்றம் என்று சொல்ல என்ன இருக்கிறது? காரைச் சுற்றி இருக்க வேண்டிய எதுவும் அன்று இல்லை என்பதுதான் காரணம். நல்ல பேட்டரி இல்லை. வாங்குகிறவருக்குக் கைகொடுக்கும் அரசுத் திட்டம் இல்லை. நடுவழியில் நின்றால் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இல்லை. மிகச் சில கார்களே விற்றன. அதோடு முடிந்தது. அந்தக் காரின் வயரிங் வரைபடம் கையில் உள்ள ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் நம் ஆட்கள் கண்டுபிடித்துச் சரிசெய்த கோளாறுகளை இன்றைக்கு நீங்கள் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. என் ஆதங்கமே அதுதான்.

அடுத்தது ரேவா. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இது தோல்விக் கதை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாத கதை.

பெங்களூரின் மைனி குழுமமும் அமெரிக்காவின் அமெரிகான் நிறுவனமும் சேர்ந்து 1994-இல் ரேவா எலெக்ட்ரிக் கார் கம்பெனியைத் தொடங்கின. முன்னால் நின்றவர் சேத்தன் மைனி. அவர் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது சூரிய ஒளியில் ஓடும் கார் ஒன்றைக் கட்டிய மாணவர் குழுவில் இருந்தார். 1990-இல் அந்தக் கார் அமெரிக்காவில் நடந்த போட்டியில் முதலில் வந்தது. ஆஸ்திரேலியாவைத் தாண்டும் உலகப் போட்டியில் மூன்றாவதாக வந்தது. அப்போது அவருக்கு உங்கள் வயது. கம்பெனி தொடங்கி ஏழு வருடம் கழித்து, 2001-இல்தான் முதல் ரேவா பெங்களூர்ச் சாலையில் விற்பனைக்கு இறங்கியது. ஏழு வருடம்! ஒரு செமஸ்டர் புராஜெக்டை மூன்று வாரத்தில் கடையில் காசு கொடுத்து வாங்கி முடிக்கும் தம்பிகள் அந்த ஏழு வருடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குறையாகச் சொல்லவில்லை, வேண்டிக்கொள்கிறேன்.

அந்தக் காரின் உடம்பு, எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் தகடு. இரண்டு கதவு. முன்னால் இரண்டு பெரியவர்கள், பின்னால் இரண்டு குழந்தைகள். இருக்கைக்கு அடியில் ஆறு வோல்ட் ஈய அமில பேட்டரிகள் எட்டு, வரிசையாகக் கோத்து 48 வோல்ட். எடை கால் டன்னுக்கு மேல். வீட்டில் உள்ள 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் எட்டு மணி நேரத்தில் நிறையும், 80 கிலோமீட்டர் வரை போகலாம்.

எட்டு பேட்டரி வரிசையாக இருக்கிறது என்றால் அதன் பொருள் உங்களுக்குத் தெரியும். ஒன்று கெட்டால் மற்ற ஏழையும் கீழே இழுக்கும். ஈய பேட்டரியை இறங்கிய நிலையில் விட்டுவைத்தால் தட்டுகளில் ஈய சல்பேட் வெள்ளையாகக் கெட்டிப்பட்டுவிடும். பிறகு சார்ஜர் போட்டாலும் கரையாது. நம் ஊர் வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். எட்டையும் தனித்தனியாக வோல்ட் பார்த்து, நோயாளி எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்றத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அந்தக் கார் பிழைக்கும். இல்லாவிட்டால் ‘பேட்டரி போச்சு’ என்று எட்டையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். அந்தத் தொகையைக் கேட்டதும் வைத்திருப்பவர் காரை ஓரங்கட்டிவிடுவார். இதில் பொறியியல் பெரிதாக ஒன்றும் இல்லை. மல்டிமீட்டரும் பொறுமையும் வேண்டும், அவ்வளவுதான்.

ரேவா கடல் கடந்தது. லண்டன் நகருக்குள் நெரிசல் நேரத்தில் கார் ஓட்டினால் கட்டணம் என்று 2003-இல் விதி வந்தது. மின்சார வண்டிக்கு அதில் விலக்கு. மறுவருடமே ‘ஜி-விஸ்’ என்ற பெயரில் பெங்களூர்க் கார் லண்டன் தெருக்களில் ஓடத் தொடங்கியது. குறையையும் சொல்லிவிட வேண்டும். அங்கே அது முழுக் கார் என்று பதிவாகவில்லை, எடை குறைந்த நான்கு சக்கர வண்டி என்ற வகையில் பதிவானது. அதனால் காருக்குரிய மோதல் சோதனை அதற்குக் கட்டாயமாக இருக்கவில்லை. 2007-இல் ஒரு பத்திரிகை தானே காசு போட்டு மோதிப் பார்த்தது. ஓட்டுநர் இருக்கையின் நிலை மோசமாக இருந்தது. பிரிட்டிஷ் அரசும் கவலை தெரிவித்தது. கம்பெனி பின்னர் காரின் குழாய்ச் சட்டத்தை வலுப்படுத்தியது. ஆனாலும் அந்தக் கெட்ட பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ‘விதியில் கேட்கவில்லை’ என்பது பதிலாகாது. நீங்கள் நாளைக்கு எதைச் செய்தாலும் இதை நினைவில் வையுங்கள்.

உலகம் முழுவதும் விற்ற ரேவாக்கள் நான்காயிரத்துச் சொச்சம். பத்து வருட உழைப்புக்கு அது சிறிய எண்ணிக்கை. 2009-இல் லித்தியம் பேட்டரி போட்ட ரேவா வந்தது. 2010 மே மாதம் மகிந்திரா நிறுவனம் 55 சதவீதத்துக்குச் சற்று மேல் பங்குகளை வாங்கியது. அதே ஆண்டின் இறுதியில் மத்திய அரசு முதன்முதலாக மின்சார வண்டிக்கு மானியம் அறிவித்தது. 2012 மார்ச்சில் அது நின்றுபோனது. வண்டி விற்பனை சரிந்தது. அடுத்த மானியத் திட்டமான ஃபேம் வந்தது 2015-இல்தான். மூன்று வருட இடைவெளி. அந்த இடைவெளியில் எத்தனை சிறிய உற்பத்தியாளர்கள் மூச்சு முட்டியிருப்பார்கள்! மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டு, நாற்று வேர் பிடிக்கும் நேரத்தில் மடையை அடைத்தால் கடைமடையில் இருக்கும் நமக்கு என்ன ஆகும்? அதேதான்.

ஆனால் கதையின் இன்னொரு பக்கம் இருக்கிறது. விற்பனை நின்ற பிறகும் லண்டனில் ஜி-விஸ்கள் பல ஆண்டுகள் ஓடின. கம்பெனி வந்து ஓட்டவில்லை. அந்தக் காரை நேசித்தவர்களும் சிறிய பட்டறைக்காரர்களும் ஓட்டினார்கள். ஈய பேட்டரியைத் தூக்கிவிட்டு லித்தியம் கோத்தார்கள். உடைந்து நிற்கும் காரிலிருந்து பாகம் எடுத்து ஓடும் காரில் போட்டார்கள். நம் நாட்டில் பிறந்த காருக்கு வேறு நாட்டுப் பட்டறை உயிர் கொடுத்தது. இதை முதலில் படித்தபோது எனக்குப் பெருமையும் வந்தது, வெட்கமும் வந்தது.

இன்னும் பின்னால் போனால் அமெரிக்காவின் டெட்ராய்ட் எலெக்ட்ரிக். 1907-இல் தொடங்கிச் சுமார் 13,000 மின்சார கார்கள் செய்த கம்பெனி. பெட்ரோல் கார் மன்னர் ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது அந்த மின்சார கார்தான். கைப்பிடி போட்டுச் சுற்றி இன்ஜினைக் கிளப்ப வேண்டிய காலத்தில் பெண்களும் மருத்துவர்களும் அதை விரும்பி வாங்கினார்கள். 1912-இல் பெட்ரோல் காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது, ஃபோர்டு கார் விலை இறங்கிக்கொண்டே போனது, மின்சார கார் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. இருந்தும் அந்தக் கம்பெனி 1939 வரை தாக்குப்பிடித்தது. கடைசிக் காலத்தில், கேட்பவருக்கு மட்டும் ஒன்றிரண்டாகச் செய்து கொடுத்து வந்தார்கள். அந்தக் கார்களில் சிலவற்றில் எடிசனின் நிக்கல்-இரும்பு பேட்டரி இருந்தது. ஆமாம், இரும்பு பேட்டரிதான்.

இரும்பு என்று வந்துவிட்டதால் நம் ஊருக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது.

பரங்கிப்பேட்டை என்றால் உங்களுக்கு என்ன நினைவு வரும்? வெள்ளாற்று முகத்துவாரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், தர்காக்கள், 1781-இல் ஹைதர் அலி ஆங்கிலேயரோடு மோதிய சண்டை. இந்த ஊரில் 1830-இல் ஓர் இரும்பாலை எழுந்தது என்பது? கடைக்கு வரும் மாணவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். தெரியும் என்று சொன்னவர் இதுவரை ஒருவர்கூட இல்லை.

ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாகச் சேலத்தில் இருந்தவர். அந்தப் பக்கத்து மலைகளில் இருக்கும் காந்த இரும்புத்தாதுவைப் பார்த்து மனம் பறிகொடுத்து, வேலையை விட்டுவிட்டு நம் ஊரில் ஆலை போட்டார். ஐரோப்பிய முறையில் இந்தியாவில் எழுந்த முன்னோடி இரும்பாலைகளில் இது ஒன்று. தாது சேலத்திலிருந்து வந்தது. உருக்குவதற்கு நிலக்கரி இல்லை, காட்டை வெட்டிச் சுட்ட மரக்கரி. இங்கே உருகிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வரை போனது. வேல்ஸில் மெனாய் ஜலசந்தியின் மேல் 1850-இல் திறந்த பிரிட்டானியா பாலத்தில் இந்த இரும்பு இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

பொருள் தரமானது. ஆனால் தாது இருந்த இடம் ஒரு பக்கம், உலை இருந்த இடம் இன்னொரு பக்கம். சுற்றிலும் காடு குறையக் குறையக் கரி தூரத்திலிருந்து வர வேண்டியதாயிற்று. கடன் ஏறியது. ஹீத் 1839-இல் மாங்கனீஸ் சேர்த்து நல்ல எஃகு செய்யும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் அதில் சிறிய மாற்றம் செய்து, உரிமைத்தொகை தராமல் பயன்படுத்திப் பணம் பண்ணினார்கள். வழக்குப் போட்டு, நொந்து, 1851-இல் அவர் இறந்தார். தீர்ப்பும் அவர் பக்கம் வரவில்லை. 1860-களில் நம் ஊர் உலை அணைந்தது. 1874-இல் கம்பெனியே கலைந்தது.

லவ்பேர்டுக்கும் ரேவாவுக்கும் பேட்டரி எப்படியோ, பரங்கிப்பேட்டை இரும்பாலைக்குக் கரி அப்படி. செய்த பொருளில் குறை இல்லை. அதை ஓட்டும் எரிபொருள் கைக்கு எட்டவில்லை.

ஆனால் எனக்கு ஆறாத வருத்தம் வேறு. முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் இரும்பு உருகியிருக்கிறது. உலையின் நிறம் பார்த்துச் சூடு சொல்லத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். ஊதுகாற்றின் ஓசையை வைத்தே அடைப்பு எங்கே என்று கண்டுபிடித்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தாக்கள். முதலாளியின் பெயர் நிற்கிறது, உலையில் கரி போட்டவரின் பெயர் நிற்கவில்லை. ஆலை மூடியதும் அவர்கள் கைத்தொழில் அறிவும் மூடிவிட்டது. நம் ஊரில் இரும்பு வேலை வேர்விட்டிருந்தால் இன்றைக்கு இது இன்னொரு கோயம்புத்தூராக இருந்திருக்கலாம். கம்பெனி போகும்போது அறிவையும் மூட்டை கட்டிக்கொண்டு போக நாம் ஒருமுறை விட்டுவிட்டோம். இரண்டாம் முறையும் விட வேண்டாம் என்றுதான் உங்களிடம் மன்றாடுகிறேன்.

இன்றைக்கு நிலைமை ஹீத் காலத்தைவிட நமக்குச் சாதகம். மின்சாரம் நெய்வேலியில், நம் மாவட்டத்திலேயே, 1962-இலிருந்து பிறக்கிறது. (பழுப்பு நிலக்கரிப் புகையைப் பற்றி எனக்கும் கவலை உண்டு, அது தனியாகப் பேச வேண்டியது.) ஒரு கிலோ ஈய பேட்டரி 30, 40 வாட்-மணி தாங்கியது, இன்றைய லித்தியம் 150-க்கு மேல் தாங்குகிறது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் ஸ்கூட்டர்கள் வரிசை வரிசையாக இறங்குகின்றன. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் நிறுவனமான வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை திறந்தது. பேட்டரி வந்தாயிற்று, அரசுக் கொள்கை வந்தாயிற்று, ஆலை வந்தாயிற்று. லவ்பேர்ட் காலத்திலிருந்து இன்னும் வராமல் இருப்பது ஊருக்கு ஊர் திறந்து பார்க்கத் தெரிந்த கை ஒன்றுதான். அது உங்கள் கை.

நேபாளத்தின் காத்மாண்டுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1993-இல், அதாவது லவ்பேர்ட் வந்த அதே வருடம், டீசல் டெம்போ ஒன்றை மின்சாரத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். அதிலிருந்து வளர்ந்தவை ‘சஃபா டெம்போ’ என்ற மூன்று சக்கர வண்டிகள். நூற்றுக்கணக்கில் பெருகின. ஓட்டுநர்களில் பெரும்பகுதி பெண்கள். அதே ஈய பேட்டரிதான். இறங்கியதும் நிலையத்துக்குப் போய், இறங்கிய பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, ஏறியதை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மலை நாடு வேறு. நம் காரை ஏற்றத்தில் திணறுகிறது என்று கைவிட்ட அதே காலத்தில் அவர்கள் ஓட்டிக் காட்டினார்கள். சார்ஜ் போடும் நிலையமும் பழுது பார்க்கும் ஆளும் அந்த ஊர்க்காரர்களாகவே இருந்தார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் ஆள் இருந்ததால் வண்டி பிழைத்தது.

கம்பெனிகளின் மீதும் எனக்குக் குறை உண்டு. வயரிங் வரைபடம் கேட்டால் தருவதில்லை. உதிரிப் பாகத்தைத் தனியாக விற்பதில்லை. மென்பொருளைப் பூட்டி வைத்து, ஊர்க்கடைக்காரன் தொட்டால் வாரன்டி போய்விடும் என்று மிரட்டுகிறார்கள். வாரன்டி கொடுத்த கடையே காணாமல் போன பிறகும் அந்த மிரட்டல் ஸ்டிக்கர் மட்டும் பேட்டரிப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் இனி யாராவது மின்சார வண்டி வாங்கப் போனால் கூடவே போங்கள். என்ன கலர் இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், பேட்டரிப் பெட்டியை யார் திறக்கலாம், பி.எம்.எஸ். தனியாகக் கிடைக்குமா, கடலோரத்துக்கு ஏற்ற கனெக்டர் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. லித்தியம் பேட்டரி ஈய பேட்டரி போல மன்னிக்காது. செல் குத்துப்பட்டாலோ ஷார்ட் ஆனாலோ தீ பிடிக்கும். அந்தத் தீ சுலபத்தில் அணையாது. 48 வோல்ட்தானே என்று மோதிரம், செயினோடு கை வைத்தால் உலோகம் பழுத்துச் சதையோடு ஒட்டும். உப்பிய செல்லைத் தொடாதீர்கள். தனியாக, மூடிய அறையில், வீடியோ பார்த்துக்கொண்டு ஒருபோதும் திறக்காதீர்கள். உங்கள் ஆசிரியர்களை அழைத்து வாருங்கள். அவர்களிடம் இல்லாத அனுபவம் என்னிடம் கொஞ்சம் இருக்கிறது; என்னிடம் இல்லாத கணக்கு அவர்களிடம் இருக்கிறது.

இனி என் வேண்டுகோள். உங்கள் கடைசி வருட புராஜெக்ட்டுக்குப் புது வண்டி செய்ய வேண்டாம். உங்கள் ஊரில் ஓடாமல் நிற்கும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஓட வையுங்கள். என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எந்தப் பாகம், என்ன விலை, எத்தனை நாள் என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதுங்கள். அடுத்த வருடம் வருகிறவர் அந்த நோட்டிலிருந்து தொடங்கட்டும். நம் உப்புக்காற்றில் எந்த மாதத்தில் எந்த முனை பூக்கிறது, புயலில் வெள்ளத்தில் முழங்கால் அளவு முங்கிய வண்டியை முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் பெங்களூரில் இருப்பவர் எழுத மாட்டார். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்தோம். அப்படி ஒரு நாளில் மின்சார வண்டி வைத்திருப்பவர் என்ன செய்வார் என்று நாம்தான் யோசித்து எழுத வேண்டும்.

கோயம்புத்தூரிலோ சாலக்குடியிலோ உங்கள் உறவினர், சீனியர், நண்பர் யாராவது இருந்தால் பழைய லவ்பேர்ட் ஒன்று எங்காவது கொட்டகையில் நிற்கிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். பெங்களூரில் ரேவா கிடைக்கும். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. அதைச் செய்தவர்கள், பழுது பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதிவிட வேண்டும். இரும்பாலைக்காரர்களிடம் கேட்க நமக்கு வாய்க்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த மீன்கார அக்காவுடைய வண்டியின் பேட்டரிப் பெட்டியைத் திறக்கப்போகிறேன். செல்களை ஒவ்வொன்றாக அளந்து, தேறுவதைப் பிரித்தெடுத்து, வேறு பி.எம்.எஸ். கோத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். எனக்கு இரண்டு கை போதாது. கடை காலை ஒன்பது மணிக்குத் திறந்திருக்கும். மல்டிமீட்டரும் ரப்பர் கையுறையும் இருந்தால் எடுத்து வாருங்கள். நோட்டு நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பரங்கிப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் உங்கள் அண்ணன்